ஒரு நொடிக்கு 25 படங்கள்

ஜூன் மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வாசுதேவநல்லூரில் நின்று மேற்கே பார்த்தால், மலை முகட்டின் மேல் கருமேகம் அப்பிக் கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். இந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்களின் மேல் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும். மேகம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் மழை கீழே இறங்கி வருவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு 45 நொடிகளில் விடை சொல்லும் ஓர் அசைவூட்டப் படத்தை இவ்வூர் மாணவர் ஒருவர் செய்ய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். கையில் ஒரு செல்போன் இருக்கிறது. பள்ளியின் ஹைடெக் லேபில் அவ்வப்போது ஒரு கணினி கிடைக்கும். அவர் செய்ய நினைப்பதற்கு மோஷன் கிராஃபிக்ஸ் என்று பெயர். எழுத்து, அம்பு, வட்டம், வரைபடம் போன்ற உருவங்களை அசைத்து ஒரு கருத்தைப் புரியவைக்கும் கலை அது. வானிலைச் செய்தியில் புயல் சுழன்று கரையேறும் படமும், தேர்தல் முடிவு நாளில் டிவியில் உயர்ந்துகொண்டே போகும் பட்டைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

கற்கத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த ஆப்பில் செய்யலாம்?” என்பதைத்தான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்பு கண்ணைப் பற்றியும், கீழே விழும் பந்தைப் பற்றியும், ஒரு வளைகோட்டைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அசைவு எங்கே இருக்கிறது?

திரையில் எதுவும் நகர்வதில்லை. ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட அசையாப் படங்கள் அடுத்தடுத்துத் தோன்றி மறைகின்றன. 1832இல் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ, ஒரு வட்டத் தட்டின் ஓரத்தில் வரிசையாகப் படங்கள் வரைந்து, தட்டில் கீறல்கள் வெட்டி, கண்ணாடி முன் சுழற்றிக் காட்டினார். கீறல் வழியாகப் பார்த்தவர்களுக்குப் படம் அசைந்தது.

விழித்திரையில் ஒரு படம் சிறிது நேரம் தங்கிவிடுவதால்தான் இப்படித் தெரிகிறது என்று அந்த நூற்றாண்டில் விளக்கம் சொன்னார்கள். இன்றும் பல புத்தகங்களில் அதே விளக்கம் இருக்கிறது. ஆனால் படங்கள் தங்குவது மட்டுமே நடந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கலாகத்தானே தெரியும்? தெளிவான நகர்வு எப்படித் தோன்றுகிறது?

1912இல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதைச் சோதித்தார். இரண்டு கோடுகளை இரு வேறு இடங்களில் மாறி மாறிக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் 30 பங்காக இருந்தபோது, இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் தெரிந்தன. 200 பங்காக இருந்தபோது ஒன்று மறைந்து இன்னொன்று வருவது தெரிந்தது. இடையில், சுமார் 60 பங்கில், ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்வதாகத் தெரிந்தது. அந்த நகர்வைக் கட்டுவது மூளை.

மூளையில் அசைவை உணர்வதற்கென்றே தனிப் பகுதிகள் உள்ளன. 1983இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பகுதிகள் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறது. நிறமும் உருவமும் அவருக்கு நன்றாகத் தெரிந்தன. ஆனால் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதுபோல் இருந்தது. சாலையில் தூரத்தில் தெரிந்த கார் அடுத்த கணம் பக்கத்தில் நின்றது. அது நகர்ந்து வந்ததை அவரால் காண முடியவில்லை.

சினிமாவில் நொடிக்கு 24 அசையாப் படங்கள், அதாவது 24 ஃபிரேம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இந்தியாவில் தொலைக்காட்சிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கு வந்தது. கையால் வரையும் ஓவியர்கள் ஒரே படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்களில் வேலையை முடிப்பதுண்டு. அதையும் மூளை அசைவாகவே ஏற்றுக்கொள்கிறது. மாணவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான்: பார்ப்பவரின் மூளை பாதி வேலையைச் செய்யக் காத்திருக்கிறது. அதற்குச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் படங்களைக் கொடுத்தால் போதும்.

பட்டாணிச் செடியும் விழும் பந்தும்

இந்திய சினிமாவின் தொடக்கத்திலேயே ஓர் அறிவியல் படம் இருக்கிறது. 1912இல் தாதா சாகேப் பால்கே, தாம் எடுக்க விரும்பிய ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. அதற்காக ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்து, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, ஒரு குறும்படமாக ஓட்டிக் காட்டினார். வாரக்கணக்கில் நடந்த வளர்ச்சி திரையில் சிறிது நேரத்திலேயே நிகழ்ந்தது. 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி இன்னொரு படமும் செய்தார்.

இன்றைய மாணவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. செல்போனை அசையாமல் நிறுத்தி, மேசைமேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, சிறிது நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுக்கலாம். பக்கத்து ஊரான புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போனது. பழத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு முறையும் சம தூரம் நகர்த்தினால் பழம் இயந்திரம்போலச் செல்லும். முதலில் குறைவாகவும் பிறகு அதிகமாகவும் நகர்த்தினால் அதற்கு எடை வந்துவிடும். படங்களின் எண்ணிக்கை ஒன்றுதான், இடைவெளிகள்தான் வேறு.

இந்த இடைவெளிகளுக்குப் பின்னால் கலிலியோவின் கணக்கு இருக்கிறது. மேலிருந்து விடப்பட்ட ஒரு பொருள் சம நேரத் துண்டுகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களின் விகிதத்தில் கூடும். நொடிக்கு 25 ஃபிரேம் என்று கொண்டால், முதல் 5 ஃபிரேம்களில் பந்து சுமார் 20 செ.மீ. விழும். அடுத்த 5இல் 59 செ.மீ. அதற்கடுத்த 5இல் 98 செ.மீ. நோட்டில் ஒரு கோடு போட்டு இந்த இடங்களைக் குறித்து, குறிக்கு ஒரு பந்தாக வரைந்தால், பென்சிலிலேயே புவியீர்ப்பு வந்துவிடும். பள்ளி இயற்பியலை இவ்வளவு நேரடியாகப் பயன்படுத்தும் கைவேலை வேறு அதிகம் இல்லை.

இனி மழைத்துளிக்கு வருவோம். பந்துக்குப் போட்ட கணக்கை அப்படியே துளிக்கும் போட்டால் படம் தவறாகும். துளி மேகத்திலிருந்து புறப்பட்டுச் சிறிது தூரத்திலேயே, கீழே இழுக்கும் ஈர்ப்பும் மேலே தள்ளும் காற்றுத் தடையும் சமமாகிவிடுகின்றன. அதன்பிறகு வேகம் கூடுவதில்லை. ஒரு மி.மீ. துளி நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்திலும், 5 மி.மீ. துளி ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்திலும் இறங்கும். ஆகவே பந்துக்குக் கூடிக்கொண்டே போகும் இடைவெளி வேண்டும், மழைக்குச் சம இடைவெளி வேண்டும். எந்த மென்பொருளும் இதை மாணவருக்காக முடிவு செய்யாது.

கீஃபிரேமும் ஒரு வளைகோடும்

கையால் வரைந்த காலத்தில், மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். இடையில் வரும் படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். மும்பையின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் 1956இல் இந்த முறை கற்பிக்கப்பட்டது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிற்காலத்தில் இந்திய அசைவூட்டத்தின் முன்னோடி எனப் போற்றப்பட்ட ராம் மோகன் அங்கே பயின்றவர்களில் ஒருவர்.

முக்கிய நிலைக்குத்தான் கீஃபிரேம் என்று பெயர். இப்போது உதவியாளரின் வேலையைக் கணினி செய்கிறது. முதல் ஃபிரேமில் அம்பு இடது ஓரத்தில், 25ஆம் ஃபிரேமில் வலது ஓரத்தில் என்று இரண்டு கீஃபிரேம் வைத்தால், இடைப்பட்டவற்றைக் கணினி கணக்கிட்டு நிரப்பும். ஆனால் சொல்லாமல் விட்டால் பல செயலிகள் சம இடைவெளியில்தான் நிரப்பும். அதனால்தான் தொடக்கநிலை மாணவர்களின் படங்களில் எல்லாமே திடீரென்று கிளம்பி, திடீரென்று நிற்கின்றன. நாம் அன்றாடம் பார்க்கும் பேருந்தும் ஊஞ்சலும் கதவும் அப்படி நகர்வதில்லை. மெல்லக் கிளம்பி, வேகமெடுத்து, மெல்ல நிற்கின்றன. இந்தத் தொழிலில் இதை ‘ஈஸ்’ கொடுப்பது என்பார்கள்.

ஈஸ் என்பது ஒரு வளைகோடு. கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் இடம். சம வேகம் என்றால் நேர்கோடு. மெல்லத் தொடங்கி மெல்ல முடிந்தால் நீட்டிப் படுத்த ‘எஸ்’ வடிவம். 1,000 புள்ளிகளைக் கடக்க வேண்டிய அம்பு, சம வேகத்தில் கால்வாசி நேரத்தில் 250 புள்ளிகளைக் கடக்கும். வழக்கமான ஓர் ஈஸ் வளைகோட்டில் அதே நேரத்தில் 156 புள்ளிகளைத்தான் கடக்கும். பாதி நேரத்தில் இரண்டுமே 500இல் சந்திக்கும். முக்கால் நேரத்தில் ஈஸ் கொடுத்த அம்பு 844க்குப் போயிருக்கும், மற்றது 750இல் இருக்கும். சேர்வது ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில். வழியில் உள்ள வித்தியாசம்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

இந்த வளைகோட்டின் இரு முனைகளிலும் கைப்பிடிபோல் நீளும் கோடுகளை இழுத்து அதன் வடிவத்தை மாற்றலாம். அதற்கு பெசியே வளைகோடு என்று பெயர். பிரான்சின் கார் தொழிற்சாலைகளில் பிறந்த கணிதம் இது. கார் உடலின் வளைவுகளைக் கணினிக்குச் சொல்வதற்காக, சித்ரோவன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோ 1959 வாக்கிலும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே சில ஆண்டுகள் கழித்தும் தனித்தனியே இதை வந்தடைந்தார்கள். திரையில் தெரியும் பல எழுத்துருக்களின் விளிம்பும், அம்பு போகும் பாதையும், அதன் வேகமும் அந்தக் கணிதத்தால்தான் வரையப்படுகின்றன.

காரணமும் அசைவில்தான் தெரிகிறது

1944இல் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிமல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு அசைவூட்டப் படத்தைக் காட்டினார்கள். அதில் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு பெட்டியைச் சுற்றி நகர்ந்தன, அவ்வளவுதான். பார்த்தவர்களோ பெரிய முக்கோணம் அடாவடிக்காரன் என்றார்கள், வட்டம் பயந்து ஒளிகிறது என்றார்கள். முகமே இல்லாத உருவங்களுக்கு அசைவே குணத்தைக் கொடுத்துவிட்டது.

பெல்ஜியத்தின் ஆல்பெர் மிஷோத் 1946இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராக நம் மாணவருக்கு உதவும். ஒரு கட்டம் நகர்ந்து வந்து இன்னொன்றைத் தொட்டதும் இரண்டாவது உடனே நகர்ந்தால், முதலாவது அதைத் தள்ளியதாகவே பார்க்கிறோம். தொட்ட பிறகு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்தால் அந்தத் தள்ளல் மறைந்து, இரண்டும் தனித்தனியாக நகர்வதாகத் தெரிகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்பது வெறும் 5 ஃபிரேம்.

காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது என்று காட்ட வேண்டுமா? அம்பு மலைச்சரிவைத் தொட்ட அந்த ஃபிரேமிலேயே மேல்நோக்கித் திரும்பத் தொடங்க வேண்டும். நிறுத்திவைத்துத் திருப்பினால், ஏறச் செய்தது மலைதான் என்பது பார்ப்பவருக்குத் தோன்றாது.

45 நொடிப் படம் உருவாகும் வரிசை

முதலில் எழுத்து. சொல்ல வேண்டியதை நாலைந்து வாக்கியங்களில் எழுதி, நிதானமாக வாய்விட்டு வாசித்து, 45 நொடிக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அடங்காது, வெட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது ஸ்டோரிபோர்டு. ஒரு தாளைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காட்சி. இங்கேதான் நம் மாணவர் முதல் தடங்கலைச் சந்திப்பார். அரபிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது, மலையில் ஏறுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது, கேரளத்தில் மழை பெய்கிறது. சரி. அதற்குப் பிறகு அம்பு எங்கே போகிறது?

புத்தகத்தில் உள்ள அசையாப் படத்தில் அந்த அம்பை மலை உச்சியோடு நிறுத்திவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அசையும் படத்தில் அடுத்த ஃபிரேம் கேட்கும். மலை காற்றைத் தடுத்து நிறுத்திவிடுகிறது என்ற பொதுவான எண்ணம் இங்கே உடைகிறது. காற்று நிற்பதில்லை. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் சூடாகிறது. மேகம் உருவாகாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிரும். மேகம் உருவாகத் தொடங்கியபின், நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பத்தால், குளிர்ச்சி கிலோமீட்டருக்குச் சுமார் 5 அல்லது 6 டிகிரியாகக் குறைந்துவிடும். மழையை அங்கே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று, மறுபடி கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும். ஆகவே புறப்பட்டதைவிட வெப்பமாகவும் வறட்சியாகவும் வந்து சேர்கிறது. ஆனி, ஆடியில் நம்மேல் வீசுவது அந்தக் காற்று. தெற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று தப்பி வருவதால்தான் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. இந்தப் பக்கத்து ஊர்கள் பெரிய மழைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்றை நம்பியிருக்கின்றன.

ஓர் அம்பின் பாதையை முடிவு செய்வதற்காக மாணவர் இவ்வளவையும் படித்தாக வேண்டியிருக்கிறது. அசைவூட்டம் கற்பிக்கத் தகுந்த கலை என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, குரல் பதிவு. குரலை முதலில் பதிந்து, அதன்மேல் படத்தைப் பொருத்த வேண்டும். கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர், மின்னல் உருவாவதை விளக்கும் ஓர் அசைவூட்டத்தை வைத்துப் பல சோதனைகள் நடத்தியவர். விளக்கத்தைக் காதால் கேட்டபடி படம் பார்த்தவர்கள், அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகப் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கண் ஒரே நேரத்தில் படத்தையும் எழுத்தையும் துரத்த முடியாது. குரல் சொல்வதையெல்லாம் திரையிலும் எழுதும் பழக்கத்தை விட வேண்டும். மழை வராத இந்தப் பக்கத்தைக் குறிக்கும் ‘மழை மறைவு’ போன்ற முக்கியச் சொல் மட்டும் திரையில் வந்தால் போதும்.

அசைந்தாலே புரிந்துவிடும் என்பதும் உண்மையில்லை. பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அசையும் படம் அசையாப் படத்தைவிடச் சிறப்பாகக் கற்பித்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று குறைவாகவே கிடைத்தது. பல படங்கள் பார்ப்பவர் பற்றிக்கொள்ள முடியாத வேகத்தில் ஓடிவிடுகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று நகரட்டும். நகர்ந்த பிறகு சிறிது நேரம் எதுவும் அசையாமல் இருக்கட்டும்.

தமிழ் எழுத்து ஆடும்போது

தலைப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வருவது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த உத்தி. ஆங்கிலத்தில் எளிதாக நடக்கும் இது தமிழில் உடைந்துபோவதுண்டு. ‘கொடைக்கானல்’ என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு முதலில் வந்து, ககரம் பிறகு வந்து, கால் தனியே கடைசியில் தொங்கும்.

காரணம் இதுதான்: யூனிகோடில் ‘கொ’ என்பது ககரம், ஒகரக் குறி என்ற இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் அமர்த்துவது எழுத்துகளை வடிவமைக்கும் தனி நிரல். அசைவூட்டச் செயலி அந்த நிரலோடு இணங்காமல் ஒவ்வொரு துண்டையும் தனியே அசைத்தால் எழுத்து சிதறுகிறது. எழுத்து எழுத்தாக அசைக்காமல் சொல் சொல்லாக அசைப்பது எளிய வழி. இல்லையென்றால் எழுத்தை வடிவமாக மாற்றி, கொம்பையும் ககரத்தையும் காலையும் ஒரே குழுவாகக் கட்டி அசைக்கலாம். தமிழில் படம் செய்பவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நம் எழுத்துக்குச் செய்யும் மரியாதை.

கருவி கடைசியில்

மோஷன் கிராஃபிக்ஸ் என்ற பெயரைத் தன் நிறுவனத்துக்கே சூட்டியவர் அமெரிக்காவின் ஜான் விட்னி, ஆண்டு 1960. இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிபார்க்கப் பயன்பட்ட பழைய கணிப்பொறியை வாங்கி, அதைக் கொண்டு சுழலும் வடிவங்களை வரைந்தவர். சால் பாஸ் வடிவமைத்த ‘வெர்டிகோ’ படத்தின் டைட்டிலில் 1958இல் சுழன்ற வளையங்கள் அவர் கைவண்ணம். 1993இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள் வந்தபோது அந்த வேலை மேசைக் கணினிக்கு இறங்கியது. விலையின்றிக் கிடைக்கும் பிளெண்டர் 2002இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. ஒரு சிறிய குழு அந்த பிளெண்டரில் செய்த லாட்வியா நாட்டுப் படமான ‘ஃப்ளோ’, 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

கணினி இருந்தால் பிளெண்டர், இங்க்ஸ்கேப், கிரிட்டா ஆகியவை போதும். கணக்குப் பாடத்தை அசைக்க விரும்புவோருக்கு மேனிம் என்ற நிரல் உண்டு. செல்போன் மட்டும்தான் என்றால் அலைட் மோஷன் போன்ற செயலியில் கீஃபிரேமும் வளைகோடும் இருக்கின்றன.

செய்த படம் வீடியோவாக மாற, அதாவது ரெண்டர் ஆக, ஏன் இவ்வளவு நேரம் என்று சலிப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு மூன்று நிறங்கள். ஒரு ஃபிரேம் 6.2 எம்.பி. 45 நொடிக்கு 1,125 ஃபிரேம், மொத்தம் கிட்டத்தட்ட 7 ஜி.பி. அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும் சுருக்கமுறைகளால்தான் அது வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குக் குறைகிறது. நம் படத்தில் மலை அசையாது. அதனால் இன்னும் நன்றாகவே சுருங்கும்.

செய்ய வேண்டிய படங்கள்

தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் கோடுகள் வந்துவிட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும், 2023இல் மணற்கேணி செயலியும் வந்தன. மாணவர்கள் அசையும் படத்தில் பாடம் கற்கும் காலம் இது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் காற்றைப் பற்றியும், மழைநீர் ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்குப் பாயும் கணக்கைப் பற்றியும், கரும்புச்சாறு சர்க்கரையாகும் வேதியியலைப் பற்றியும் எங்கோ இருக்கும் நிறுவனம் நமக்காகப் படம் செய்யும் என்று காத்திருக்க முடியாது. அந்த மலையையும் குளத்தையும் ஆலையையும் தினமும் பார்த்து வளர்பவர்கள்தான் அவற்றைச் சரியாகச் செய்ய முடியும். இதைத் தொழிலாகவே படிக்க விரும்புவோருக்குச் சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் இடம் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயல்திட்டம் என்று சார்ட் ஒட்டி வாங்குவதோடு நிறுத்தாமல், ஒரு பாடத்தையாவது 45 நொடிப் படமாகச் செய்துவரச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்பதற்கு முன், அம்பு சரியான திசையில் போகிறதா, மழை சரியான வேகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். மாணவர்களே, ஆப்பைத் தேடுவதற்கு முன் ஒரு பந்தை மேலிருந்து விட்டுப் பாருங்கள், ஒரு தாளை எடுங்கள், இடைவெளிகளைக் குறியுங்கள். அடுத்த ஃபிரேமில் என்ன நடக்கும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்தப் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.